மண் ரோட்டிலும் ஜல்லி ரோட்டிலும் பைக் ஓட்டுவது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தார் ரோட்டில் பல வருடம் ஓட்டியவர்கள்கூட, தார் முடிந்து ஜல்லி தொடங்கும் இடத்தில் தோள் இறுகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். மண் பாதைக்குப் புதிதாக வருகிறவர்களோடு சேர்ந்து ஓட்டும்போது, வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

தார் ரோட்டுல நல்லாத்தான் ஓட்டுறேன். ஜல்லியில மட்டும் வண்டி ஏன் இப்படி அலையுது?

தார் ரோட்டில் டயர் பிடித்துக்கொள்ள அசையாத தரை இருக்கிறது. ஜல்லியில் டயருக்கும் கெட்டித் தரைக்கும் நடுவே உருளும் கற்கள் ஓர் அடுக்காகக் கிடக்கின்றன. தரையில் கொட்டிய பயறின் மேல் கால் வைத்தது மாதிரிதான். முன் சக்கரத்தை ஒரு கல் இடப்பக்கம் தள்ளும், அடுத்த கல் வலப்பக்கம் தள்ளும். அதுதான் நீங்கள் உணரும் அலைச்சல்.

வண்டி அலைகிறது என்றால் விழப்போகிறது என்று அர்த்தமில்லை. முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால், ஹேண்டில் திரும்பும் அச்சை அப்படியே தரை வரை நீட்டினால் அது தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. தள்ளுவண்டியின் சுழலும் சின்னச் சக்கரம் போகும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வது போல, பைக்கின் முன் சக்கரமும் உருண்டுகொண்டிருக்கும் வரை தன்னை நேராக்கிக்கொள்ளும். அதைச் செய்யவிடாமல் தடுப்பது பயத்தில் இறுக்கிப் பிடித்த நம் கைகள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இதிலிருந்து வருவதுதான். முன் சக்கரத்தை அதன் போக்கில் விடப் பழகுங்கள்.

அப்போ ஹேண்டிலை எப்படித்தான் பிடிக்கிறது?

கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பது போல. நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. உடம்பைத் தாங்கும் வேலை முழங்கால்களுக்கு. இரண்டு முழங்காலாலும் டேங்கை அணைத்துப் பிடியுங்கள். ஓடும்போது அவ்வப்போது முழங்கையைச் சிறகு மாதிரி ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் உங்களை அறியாமலே தோள் இறுகியிருக்கிறது.

கிளட்ச் மேல் ஒரு விரலோ இரண்டு விரலோ, முன் பிரேக் மேலும் அப்படியே. நான்கு விரலும் லீவர் மேல் இருந்தால் பதற்றத்தில் மொத்தக் கையும் மூடிக்கொள்ளும். மண்ணில் அது ஆபத்து.

எழுந்து நின்னுதான் ஓட்டணுமா? உட்கார்ந்திருந்தாலே பயமா இருக்கே.

எப்போதும் நிற்க வேண்டாம். கெட்டியாக இறுகிய மண்ணில் உட்கார்ந்தே போகலாம். குண்டும் குழியுமான இடம், தளர்ந்த ஜல்லி, கண்ணுக்கு எட்டும் தூரம் குறைவான இடம் வந்தால் எழுந்து நிற்பது உதவும். நின்றால் புவியீர்ப்பு மையம் கீழே இறங்கிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை, உங்கள் உடம்பு மேலே போகும்போது மையமும் மேலேதான் போகிறது. உண்மையான நன்மை வேறு. சீட்டில் உட்கார்ந்திருந்தால் வண்டி குதிக்கும்போதெல்லாம் உங்களையும் தூக்கிப் போட வேண்டும். நின்றால் வண்டி கீழே தன்பாட்டுக்கு ஆடும், அந்த ஆட்டத்தை உங்கள் முழங்கால் வாங்கிக்கொள்ளும், தலை அசையாமல் இருக்கும். பார்வையும் தூரம் போகும்.

பாதத்தின் நடுப்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில், முழங்கால் லேசாக மடங்கி, இடுப்பு சற்றுப் பின்னால், முழங்கை வெளிப்பக்கம் பார்த்தபடி. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவது. சமதளமான காலி இடத்தில், மெதுவாக ஓடும்போது, நின்றபடியே ஒரு நொடி விரல்களை விரித்து உள்ளங்கை மட்டும் ஹேண்டிலில் படும்படி வையுங்கள். உடம்பு பின்னால் சரிகிறதா? இடுப்பை முன்னே கொண்டுவாருங்கள். முன்னால் விழுகிறதா? பின்னே தள்ளுங்கள். கை தாங்காமலே நிற்க முடிகிற இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்த அன்றே பாதி பயம் போய்விடும்.

எவ்வளவு வேகத்துல போகலாம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

ஜல்லியின் பிடிமானம் இடத்துக்கு இடம் மாறும். காய்ந்த தார் ரோட்டில் கிடைப்பதில் பாதி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஆபத்தைப் பார்த்து, பிரேக்கில் கை போக 1 நொடி ஆனால் அதற்குள் 11 மீட்டர் ஓடியிருப்பீர்கள். அதன் பிறகு நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க ஏறக்குறைய 16 மீட்டர். மொத்தம் 27. இதையே 60 கி.மீ. வேகத்தில் போட்டால் 17 மீட்டரும் 35 மீட்டரும் சேர்ந்து 52. வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதுவும் பழகிய கை பிரேக் பிடித்தால்தான்.

ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத குறுகிய பாதை என்றால் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிய வேண்டும், மீதிப் பாதி எதிரே வருகிறவருக்கு வேண்டும். தொடக்கத்தில் 30, 40 போதும். அதற்காக நடை வேகத்துக்கு இறங்கிவிடாதீர்கள். அந்த வேகத்தில் ஒவ்வொரு கல்லும் ஹேண்டிலைத் திருப்பும்.

தார் முடியும் இடத்தில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். வேகத்தைத் தார் மேலேயே குறைத்து முடித்துவிட்டு ஜல்லிக்குள் நுழையுங்கள். நுழைந்த பிறகு பிரேக்கைத் தேடாதீர்கள்.

முன் பிரேக்கைத் தொடவே கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

இல்லை. இந்த அறிவுரையால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாமல் போனவர்கள் நிறைய. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் மிகவும் நீண்டுவிடும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போவதால் மண்ணிலும் முன் சக்கரம்தான் அதிகம் நிறுத்தும். பயம் எங்கிருந்து வந்தது என்றால், முன் சக்கரம் உருளாமல் பூட்டிக்கொண்டால் முதல் பதிலில் சொன்ன தானாக நேராகும் குணம் அந்த நொடியே போய்விடும், வண்டி படுத்துவிடும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வால் மட்டும் ஆடும், பிரேக்கை விட்டதும் சரியாகும்.

இரண்டையும் பயன்படுத்துங்கள். முதலில் பின் பிரேக், உடனே முன் பிரேக்கை ஒன்றிரண்டு விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவது. வண்டி நிமிர்ந்து, ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும். டயருக்கு அடியில் கல் சரசரவென்று தேய்கிற சத்தம் கேட்டால் பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

யாரும் இல்லாத நேரான பாதையில் 20 கி.மீ. வேகத்தில், பின் பிரேக்கை வேண்டுமென்றே அழுத்திச் சக்கரத்தைப் பூட்டிப் பாருங்கள். நின்றதும் இறங்கி அந்தத் தடத்தைப் போய்ப் பாருங்கள். தொடக்கத்தில் கற்கள் லேசாக விலகியிருக்கும். போகப் போகப் பள்ளம் ஆழமாகி அடியிலிருக்கும் ஈர மண் நிறம் மாறித் தெரியும். டயர் நின்ற இடத்தில் அதன் முன்னால் ஒரு பிடி ஜல்லி குவிந்து கிடக்கும். அந்தக் குவியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலுக்கு அதுதான் விஷயம்.

என் வண்டியில ஏபிஎஸ் இருக்கு. மண் ரோட்டுல ஆஃப் பண்ணணுமா?

பூட்டிய சக்கரம் தன் முன்னால் கல்லைக் குவித்து, அந்தக் குவியலில் முட்டித்தான் பாதி நிற்கிறது. ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாது, அதனால் குவியல் சேராது, ஜல்லியில் நிற்கும் தூரம் கூடும். ஆனால் முன் சக்கரம் பூட்டி விழுவதிலிருந்து உங்களைக் காப்பாற்றுவதும் அதே ஏபிஎஸ்தான்.

பின் சக்கரத்துக்கு மட்டும் அணைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்து, முன்னால் அப்படியே விடுங்கள். அந்த வசதி இல்லாத வண்டியில் ஃபியூஸைப் பிடுங்கும் வேலையெல்லாம் வேண்டாம். ஏபிஎஸ்ஸோடு ஓட்டுங்கள், மேலே போட்ட தூரக் கணக்கில் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வளைவுல சறுக்கிடுமோன்னு பயந்து நடுவுல பிரேக் பிடிச்சிடுறேன். எப்படித் திரும்புறது?

பிரேக், கியர் எல்லாம் வளைவுக்கு முன்னால் நேரான இடத்திலேயே முடிந்துவிட வேண்டும். வளைவுக்குள் ஆக்ஸிலேட்டர் லேசாக, ஒரே அளவில். சட்டென்று மூடினால் எடை முன் சக்கரத்தின் மேல் போய் அது ஜல்லியில் புதைந்து தள்ளும்.

உடம்பை வைக்கும் விதம் தார் ரோட்டுக்கு நேர் எதிர். தாரில் வளைவின் உள்பக்கம் நாம் சாய்வோம், வண்டி கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். மண்ணில் வண்டியை மட்டும் உள்ளே சாய்த்து, உடம்பை நிமிர்த்தி வையுங்கள். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டைக் காலால் நன்றாக அழுத்துங்கள். டயர் நழுவினாலும் உடம்பு அதன் நேர் மேலே இருப்பதால் சமாளிக்க நேரம் கிடைக்கும். இடது திருப்பத்துக்கு வலது கால், வலது திருப்பத்துக்கு இடது கால் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்கள் உண்டு, அது உதவுகிறது.

வளைவின் வெளி ஓரத்தில் மற்ற வண்டிகள் சிதறடித்த ஜல்லிதான் குவிந்திருக்கும். கெட்டியான தடத்திலேயே இருங்கள். ஆனால் நல்ல தடம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக, மறைவான வளைவில் உங்கள் பக்கத்தை விட்டுப் போகாதீர்கள்.

குழியைப் பார்த்தேன்னா நேரா அதுக்குள்ளேயே போய் விழறேன். ஏன்?

அதையே பார்ப்பதால்தான். கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். குழியைக் கவனித்த அடுத்த கணம், அதைத் தாண்டிப் போகப்போகும் வழியைப் பாருங்கள். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, முடிந்தவரை தூரத்தில் இருக்கட்டும்.

ரெண்டு டயர் தடம், நடுவுல ஜல்லி மேடு. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு எப்படி மாறுறது?

தேவையில்லாமல் மாறாதீர்கள். மாற வேண்டுமென்றால், மேட்டுக்கு இணையாகவே போய்ச் சற்று உரசி ஏறப் பார்ப்பதுதான் விழ வைக்கும். முன் சக்கரம் மேட்டின் சரிவில் வழுக்கிக்கொண்டே போகும், ஏறாது. வேகத்தைக் குறைத்து, முடிந்த அளவு குறுக்குக் கோணத்தில் திருப்பி, ஏறும் கணத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, எடையைப் பின்னால் தள்ளுங்கள். தாண்டும்போது நின்றிருந்தால் இன்னும் எளிது.

டயர்ல காத்தைக் குறைக்கணும்னு சொல்றாங்க. எவ்வளவு?

காற்று குறைந்தால் டயர் தரையில் படும் பரப்பு நீளும், கல்லின் மேல் துள்ளாமல் அதை அணைத்துக்கொண்டு போகும். வண்டிக் கையேட்டில் சொன்ன அளவிலிருந்து 4 முதல் 6 பிஎஸ்ஐ குறைத்தாலே வித்தியாசம் தெரியும். முன்னால் 28 என்றால் 23 அளவுக்கு. டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

அதற்கும் கீழே போகாதீர்கள். கூர்மையான கல்லில் அடித்தால் டயர் நசுங்கி ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் கடிபடும், பங்க்சர் ஆகும், ரிம்மும் வளையும். பெரிய பாறைக் கற்கள் உள்ள பாதையிலும், பாரம் அதிகமாக இருக்கும்போதும் குறைக்கவே வேண்டாம். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் மீண்டும் நிரப்புங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடேறிக் கெடும். சின்ன கைப் பம்ப் ஒன்று பையில் இல்லாவிட்டால் காற்றைக் குறைக்கும் யோசனையே வேண்டாம்.

டயரையே மாத்தணுமா?

எப்போதாவது ஜல்லி ரோட்டில் போகிறவருக்குத் தேயாத சாதாரண டயர் போதும். வாரந்தோறும் போகிறீர்கள் என்றால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான, ரப்பர் கட்டை வைத்த டயர் போடலாம். பெரிய பெரிய கட்டையுள்ள டயர் சேற்றிலும் தளர்ந்த மண்ணிலும் அருமை, ஆனால் தாரில் பிடிமானம் குறைவு, சீக்கிரம் தேயும்.

ரோடு முழுக்க வரி வரியா மேடு. உடம்பே நடுங்குது. வேகமாப் போனா தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னார்.

இந்த வரிமேடுகளை உண்டாக்குவது சக்கரங்கள்தான். 2007இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் மாரிஸும் உடன் ஆய்வாளர்களும் சுழலும் மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் தட்டையான மணலில் தானாகவே அலை எழுந்தது. அதற்கு ஸ்பிரிங்கோ சஸ்பென்ஷனோகூடத் தேவைப்படவில்லை. அதனால்தான் சமப்படுத்திய பாதையிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது.

வேகமாகப் போனால் ஆட்டம் குறைவது உண்மை. ஏன் குறைகிறது என்று யோசியுங்கள். டயர் மேட்டின் உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு பறக்கிறது. தரையைத் தொடாத டயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. நான் அந்த யோசனையை யாருக்கும் சொல்வதில்லை. எழுந்து நின்று, வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் வரி குறைந்த இடத்தைத் தேடிப் போங்கள்.

திடீர்னு மணல் வந்தா?

பதறி ஆக்ஸிலேட்டரை மூடுவதுதான் விழ வைக்கும். எடையைப் பின்னால் தள்ளி, இரண்டாவது கியரில், வேகத்தை ஒரே சீராக வைத்திருங்கள். முன் சக்கரம் மீன் மாதிரி நெளியும், நெளியட்டும். நிற்க வேண்டுமென்றால் பிரேக் தேவையே இல்லை. ஆக்ஸிலேட்டரைப் பதறாமல் மெல்ல மெல்ல விட்டால் மணலே நிறுத்திவிடும்.

மழை பெஞ்சா மண் ரோடு மோசம்தானே?

மண்ணைப் பொறுத்தது. லேசாக நனைந்த ஜல்லியும் மணலும் காய்ந்திருப்பதைவிட நன்றாகப் பிடிக்கும், புழுதியும் அடங்கும். களிமண் நேர் எதிர். மேலே பளபளவென்று தெரிந்தால் அது எண்ணெய் பூசிய தரை மாதிரி. டயரின் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நிற்கும். அப்படிப்பட்ட பாதையில் திரும்பிப் போவதில் எந்தக் கேவலமும் இல்லை.

தேங்கிய நீரோ ஓடையோ குறுக்கே வந்தால் முதலில் நடந்து பாருங்கள். நடக்கக் கால் நிற்காத இழுப்பில் வண்டியும் நிற்காது. தாண்டிய பிறகு ஈரம் போகும் வரை பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.

ஏத்தத்துல பாதியில வண்டி நின்னுபோச்சு. பின்னால வழுக்க ஆரம்பிச்சுது. என்ன செஞ்சிருக்கணும்?

இதில்தான் பழகியவர்களும் தடுமாறுகிறார்கள். ஏற்றத்தில் எடை முழுக்கப் பின் சக்கரத்தில் இருக்கும், முன் சக்கரத்தில் பாரமே இருக்காது. முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் சுற்றாமலே கல்லோடு பின்னால் சறுக்கும். பதற்றத்தில் கிளட்ச்சையும் பிடித்தால் வண்டி உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

வண்டி நின்றதும் கிளட்ச்சை விட்டுவிடுங்கள். கியரில் இருக்கும் அணைந்த எஞ்சின் பின் சக்கரத்தைப் பூட்டிவிடும். அதுதான் உங்கள் கைப் பிரேக். மேட்டுப் பக்கக் காலை ஊன்றுங்கள், பள்ளத்துப் பக்கக் காலை நம்பாதீர்கள். இப்போது மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் உண்டு. பிறகு மேட்டுப் பக்கமாக இறங்கி, எஞ்சின் அணைந்தபடியே, கிளட்ச்சைக் கொஞ்சம் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் இறக்கி வண்டியைக் குறுக்காகத் திருப்புங்கள். முகம் கீழ்நோக்கி வந்ததும் ஏறி உட்கார்ந்து அடிவாரத்துக்குப் போய் மீண்டும் ஏறலாம்.

ஏறும்போது வேகம் அடிவாரத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும். பாதி வழியில் கியர் மாற்றும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இறக்கத்துல?

முதல் அல்லது இரண்டாவது கியர், கிளட்ச்சைப் பிடிக்கவே கூடாது, இடுப்பு பின்னால். எஞ்சின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எடை முன்னால் இருப்பதால் பின் சக்கரம் எளிதாகப் பூட்டும், முன் பிரேக்குக்கு மற்ற இடத்தைவிடப் பிடிமானம் கூட. முன்பு சொன்ன ஒரு விரல் அழுத்தம் இங்கே உங்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும்.

பின்னால ஆள், கூடவே பை. முடியுமா?

முடியும், ஆனால் நீங்கள் தனியாக நன்றாகப் பழகிய பிறகு. பின்னால் எடை கூடினால் முன் சக்கரம் இலேசாகி இன்னும் அலையும். பின்னால் இருப்பவர் உங்கள் இடுப்போடு ஒட்டி உட்காரட்டும். மோசமான இடம் வந்தால் தயங்காமல் இறங்கி நடக்கச் சொல்லுங்கள். பையைத் தாழ்வாக, பின் அச்சுக்கு முன்னால் வருமாறு கட்டுங்கள். பக்கவாட்டில் கெட்டியான பெட்டியைவிடத் துணிப் பை நல்லது, வண்டி சாய்ந்தால் கால் பெட்டிக்கு அடியில் சிக்கி முறியாது.

நாலஞ்சு பேரா போறோம். முன்னாடி போறவர் கிளப்புற புழுதியில ஒண்ணுமே தெரியலை.

தெரியவில்லை என்றால் நீங்கள் மிக நெருங்கி வருகிறீர்கள். புழுதி அடங்கும் வரை தூரம் விடுங்கள். பிரிந்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். ஒவ்வொரு பிரிவிலும் முன்னால் போகிறவர் அடுத்தவர் கண்ணில் படும் வரை நின்றால் போதும். முன் விளக்கு எரிந்தே இருக்கட்டும்.

மெதுவாத்தானே போறோம், பூட்ஸ் எல்லாம் எதுக்கு?

என்னோடு கேன்வாஸ் ஷூவில் வந்த ஒருவருக்கு, வண்டியை நிறுத்தித் திருப்பும்போது ஜல்லியில் கால் வழுக்கி வண்டி கணுக்கால் மேல் சாய்ந்தது. வேகம் பூஜ்யம், ஆறு வாரம் கட்டு. கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ், கையுறை, முழங்காலுக்குக் காப்பு, முழு ஹெல்மெட், கண்ணை மூடும் வைசர். இவற்றில் எதையும் விட முடியாது.

விழுந்துட்டேன். தூக்கறது எப்படி?

முதலில் உங்களைப் பாருங்கள், பிறகு வண்டியை. எஞ்சினை அணைத்து, கியரில் விடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டைத் தட்டி வையுங்கள். இல்லையென்றால் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் போய் விழும். சீட்டுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து தூக்குங்கள். நிறுத்தும் இடம் பொதபொதவென்றிருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல்.

ஓட்டத் தொடங்கும் முன் பிரேக் லீவர், கிளட்ச் லீவர், ஹேண்டில் நேராக இருக்கிறதா, ஆக்ஸிலேட்டர் விட்டதும் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். கை நடுக்கம் நிற்கும் வரை காத்திருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு என்ன செய்யணும்?

செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். புழுதியும் எண்ணெயும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். தொய்வு கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும். இறுக்கிக் கட்டிய செயின், சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது இழுபட்டு அறுந்துபோகலாம். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நட்டு போல்ட்டுகளையும், ஸ்போக் சக்கரம் என்றால் கம்பிகளையும் கை வைத்துப் பாருங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும்.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஆனாலும் முன் சக்கரம் திடீர்னு மடங்குது. அந்த நொடியில என்ன செய்யணும்?

முன் பிரேக்கில் விரல் இருந்தால் விடுங்கள், அது எல்லாவற்றுக்கும் முதல். சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கினால்தான் மற்றதெல்லாம். அதே மூச்சில் ஆக்ஸிலேட்டரை ஒரு துளி கூட்டுங்கள், முன் சக்கரத்தின் மேலிருந்து எடை இறங்கும். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை மிதியுங்கள், கண் போக வேண்டிய வழியில். காலை நீட்டித் தரையில் ஊன்றிப் பிடிக்க வேண்டாம், 200 கிலோ வண்டியை ஒரு கணுக்கால் தாங்காது.

அப்படியும் போய்விட்டால் ஹேண்டிலை விட்டுவிடுங்கள், வண்டி தனியாகப் போகட்டும்.